பூச்சு உதிர்ந்த இடம்

முதல் மழையில் புற்றின் கூரை ஒழுகியது. இரண்டாம் மழையில் வாசல் சரிந்தது. மூன்றாம் மழையில், அங்கே குடியிருந்த சுண்டெலி வடிவின் குஞ்சு ஈரத்தில் கிடந்து காய்ச்சலில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கார நாகம் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றது. வாடகைக்கு மட்டும் எந்த மழையிலும் நனைந்துகொண்டே வந்து நின்றது.

வடிவு வீட்டைக் காலி செய்ய முடிவெடுத்து, அட்வான்ஸாகக் கொடுத்திருந்த கடலையைத் திருப்பிக் கேட்டது. அது இல்லாமல் குஞ்சு இந்த மழைக்காலத்தைத் தாண்டாது.

"எங்க பாட்டன் கட்டின சுவரை ஊற வெச்சிட்டியே! கடலை அதுக்கே சரியாப் போச்சு" என்றது நாகம்.

"மழையையும் நான்தான் கூட்டிட்டு வந்தேனாய்யா?"

வடிவு அக்கம்பக்கத்துத் தவளைகளையும் ஓணானையும் சாட்சிக்கு அழைத்து வந்து சுவரைக் காட்டியது. நனைந்த பூச்சு உதிர்ந்து, அடியில் பழைய எழுத்துகள் தெரிந்தன. நாகம் அவசரமாக வாலைக் கொண்டுபோய் அவற்றை மறைத்தது.

"வாலை எடுங்கய்யா. பாட்டன் பேரை நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

வால் மெல்ல விலகியது. ஓணான் தலையை ஆட்டி ஆட்டி எழுத்துக்கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தது:

"கட்டியவர், கறையான்."