எட்டு வருஷத்து நம்பர்

"அண்ணா, காரைக் கொடு. மைக்ல கூப்பிட்டாச்சு."

தங்கை கையை நீட்டினாள். அண்ணன் நிமிரவில்லை. "ரெண்டு நிமிஷம் பொறு பாப்பா. கன்ட்ரோலர்ல ஒரு சின்ன வேலை பாக்கி."

உள்ளரங்கில் கம்பளம் விரித்து, வளைவுகளுக்குப் பலகை அடித்துப் பாதை போட்டிருந்தார்கள். முழங்கை நீளக் கார்கள். மேடையில் நின்று ரிமோட்டில் ஓட்ட வேண்டும். இறுதிப் பந்தயத்துக்கு எட்டுப் பேர். எதிரே நாற்காலியில், காலுக்கு மேல் கால் போட்டபடி, பெரிய கம்பெனி அணியின் மேனேஜர். இன்று முதலில் வருகிறவர் அவருடைய அணியில் சேர்ந்து நாடு நாடாகப் போகலாம்.

அண்ணன் குடைந்துகொண்டிருந்தது ஸ்பீடு கன்ட்ரோலரை. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்து, கரண்டை எப்போது விடுவது, எப்போது பிடிப்பது என்று பஞ்சாயத்துப் பண்ணுகிற தீப்பெட்டி அளவுச் சாமான் அது. அதற்குள் இருபது வகை செட்டிங். எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறையில் தேய்ந்த கை அவனுடையது. கன்ட்ரோலரோடு வந்த சிறு புத்தகத்தை அவன் பிரித்ததே இல்லை. காயில் கட்டுகிறவனுக்குக் கரண்டைப் பற்றிப் பாடமா என்பான். தான் எழுதிவைத்த நோட்டைப் பார்த்துக்கொண்டே, நம்பர் ஏற்றுகிற செட்டிங் பெட்டியின் ஒயரைக் கன்ட்ரோலரில் செருகி, திரையில் எப்போதும் வருகிற அதே எண்களைத் தள்ளிவிட்டு, தன் நம்பர்களை ஏற்றுவான். எட்டு வருஷத்தில் நாலு நோட்டு, இருபத்தாறு கோப்பை.

"விரல்தான் அவளோடது. ஓடுறது என் நம்பர்" என்று பட்டறையில் சொல்லிக்கொள்வான். அவளும் ஒருநாளும் மறுத்ததில்லை.

அவளுக்கு ஒரே ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. காரைப் பாதையில் வைக்கும் முன் ஒரு பக்கமாகத் திரும்பி நின்று, சுவிட்சுக்குப் பக்கத்துப் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடிப்பாள். 'பீ...ப்' என்று நீளமாக ஒரு சத்தம் வரும். என்ன அது என்று எப்போதோ கேட்டதற்கு, சும்மா ராசிக்கு என்று சிரித்து மழுப்பினாள். அவனும் விட்டுவிட்டான். ஜெயிக்கிற குதிரையின் பல்லைப் பிடித்து யார் பார்ப்பார்கள்?

நேற்று மாலை, கழிப்பறைக்குப் போகிற வழியில் மேனேஜரின் பேச்சு அவன் காதில் விழுந்தது. "மெக்கானிக் எல்லாம் எங்ககிட்டயே இருக்காங்கம்மா. நாளைக்கு ஜெயிச்சு, நீங்க மட்டும் வந்தா போதும்." தங்கை, "சரி சார்" என்றாள்.

ராத்திரி முழுக்க அந்தச் 'சரி' அவன் நெஞ்சில் முள்ளாக நின்றது. எட்டு வருஷம் கூட நின்றவனைக் கறிவேப்பிலையாக எடுத்து ஓரம் வைத்துவிட்டாளே.

இப்போது அவன் விரல் ஒரே ஒரு நம்பரை மட்டும் மாற்றி ஏற்றியது. ரிமோட்டின் விசையை விட்டதும் கார் தானாகப் பிடித்துக்கொள்ளும் பிரேக். பத்தில் இருக்க வேண்டியது, எழுபது. நேர்ப் பாதையில் ஒன்றும் தெரியாது. வளைவில் விசையைத் தளர்த்தினால் போதும், பின்பக்கம் வழுக்கிப் பலகையில் மோதும். ஒரே ஒருநாள் தோற்கட்டும். அடுத்த வருஷமும் அண்ணனும் தங்கையும்தான்.

காரைக் கொடுத்தபோது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வழக்கம்போல் திரும்பி நின்றாள். கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே போய், அங்கேயே நின்று, திரும்பி வந்தது. சத்தம் கேட்கவில்லை. பதற்றத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

பந்தயம் ஐந்து நிமிஷம். முதல் வளைவிலேயே கார் சுழன்றது. மூன்றாவது வளைவில் கவிழ்ந்தது. எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தாள். கோப்பையை வாங்கிய, வழக்கமாக இவளிடம் தோற்கிற பல் டாக்டர் ஒருவர் போகிற போக்கில், "என்னம்மா, இன்னிக்கு எனக்கு விட்டுக்கொடுத்துட்டியா?" என்று சீண்டிவிட்டுப் போனார். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து பல் டாக்டரின் பக்கம் நடந்தார்.

நினைத்தது நடந்துவிட்டது. ஆனாலும் அண்ணனுக்கு நிம்மதி வரவில்லை. ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் வந்து மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிரு அண்ணா. உன் பேரைக் கெடுத்துட்டேன்."

"விடு பாப்பா. கார்லயே ஏதாவது கோளாறா இருக்கும்."

"அப்படிச் சொன்னா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதைதான்."

அவன் வலிய சிரித்தான். "எல்லாம் அந்த ராசிப் பீப் இல்லாததாலதான். இன்னிக்கு ஏன் மறந்தே?"

அவள் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மறக்கல. அது ராசியும் இல்ல. அதை அமுக்கினா நீ ஏத்தின நம்பர் எல்லாம் அழிஞ்சு, கம்பெனியில வந்த செட்டிங்கே திரும்ப வந்துரும். அது சாதுவா ஓடும், என் கைக்குப் பழகிப்போச்சு. சொன்னா உன் மனசு நோகும்னு சொல்லல."

அண்ணனின் காதில் அரங்கத்துச் சத்தமெல்லாம் அடங்கிப்போயிற்று. செட்டிங் பெட்டியின் திரையில் ஒவ்வொரு தடவையும் முதலில் வந்த அதே கம்பெனி எண்கள் கண் முன்னால் வரிசையாக நின்றன. மேசையில் இருந்த நாலு நோட்டையும் அவன் கை தானாக மூடியது.

"இன்னிக்கு நாம சேர்ந்து ஓட்டுற கடைசிப் பந்தயமாச்சே. ஒரு தடவையாவது உன் நம்பரை வச்சு ஜெயிச்சுக் காட்டணும்னு, அமுக்காம வச்சேன்" என்றாள் தங்கை. "உன் நம்பர்ல ஒரு தப்பும் இருந்திருக்காது அண்ணா. எட்டு வருஷத்துல ஒரு பந்தயம்கூட நான் அதுல ஓட்டினதில்லையே, எனக்குத்தான் பழக்கமில்ல."