அரை நொடி

நடுக்களத்தில் ஷெல்டனுக்குப் பந்து வரும் முன்பே தலை இரண்டு பக்கமும் திரும்பிவிடும். அதை நம்பித்தான் எங்கள் கால்பந்து கிளப் அவனை வைத்திருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் அரை நொடி தாமதமாகத் திரும்புவான். மூன்று சீசனாக அவனோடு ஒரே அறையில் இருக்கும் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பிறப்புச் சான்றிதழில் அவனுக்கு வயது இருபத்து நான்கு. "முழங்காலுக்கு முப்பது இருக்கும்போல," என்று பிசியோ சிரித்தபோது அவன் சிரிக்கவில்லை. விடுமுறையில் கடற்கரையிலிருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். "இவனுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான் மக்கா, டெரின்னு. கடலு கொண்டுபோச்சு," என்றார் அவன் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். படம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லையாம். அடுத்த வாரம் பயிற்சி ஆட்டத்தில், பந்து அவன் காலில் இருக்கும்போது, பின்னாலிருந்து "டேய் டெரின்!" என்று கத்தினேன். அரை நொடிகூடத் தாமதிக்காமல், பந்தை விட்டுவிட்டுச் சட்டென்று திரும்பினான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றிலிருந்து அவன் தட்டிவிடும் பந்தெல்லாம் என் காலுக்குத்தான் வருகிறது. பதினோரு கோல் அடித்துவிட்டேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னடா நடக்குது?" என்று கோச் என்னைத்தான் கேட்கிறார்.