தாளில் இல்லாத வாக்கியம்

"நாலே வாக்கியம்தானாண்ணா? கார்டு நிராகரிக்கப்பட்டதுன்னு சொல்ல இத்தாலியன்ல ஒண்ணுமே இல்லையா?"

நான் படிக்க வந்த வெளிநாட்டு ஊரில், ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் இத்தாலிய மளிகைக் கடை. வகுப்பு இல்லாத நாட்களில் கல்லாவில் நிற்க வேண்டும். அன்று எனக்கு முதல் நாள். வாடிக்கையாளர்கள் முக்கால்வாசிப் பேர் வயதான இத்தாலியர்கள். அவர்களுக்காக, பதினெட்டு வருடமாக அங்கே வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து ஜெனாட் அண்ணன் இத்தாலிய வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார்.

நாலுக்கும் அர்த்தம்: கார்டை இங்கே வையுங்கள். ரகசிய எண்ணை அழுத்துங்கள். இன்னொரு தடவை முயலுங்கள். மெஷின் பழுது.

"அது எனக்குத் தெரியாது பிள்ளை" என்றார்.

"பதினெட்டு வருஷத்துலயா? போன்ல பார்த்து நானே எழுதிக்கிறேன்."

"ஓம், எழுதுங்கோ. ஆனா சொல்லிப்போடாதேங்கோ."

எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொல்ல இவரிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

சற்று நேரத்தில் ஒரு பெரியவர் ரொட்டியும் சீஸும் கொண்டுவந்து கார்டை வைத்தார். மெஷின் மறுத்தது. மறுபடி வைத்தார். கணக்கில் பணமில்லை என்று என் பக்கத் திரை சொன்னது. அவர் காது மடல் சிவந்தது. பின்னால் நின்றவர்கள் எல்லாம் அவரோடு பேசிக்கொண்டே வந்த தெருக்காரர்கள்.

"லா கார்த்தா..." என்று, போனில் பார்த்து எழுதிவைத்த வாக்கியத்தை ஆரம்பித்தேன்.

ஜெனாட் அண்ணன் குறுக்கே புகுந்தார். "லா மக்கினெத்தா எ ரோத்தா!"

மெஷின் பழுதாம்!

"தொமானி, தொமானி." நாளைக்குத் தந்தால் போதுமாம். பையையும் பெரியவர் கையில் கொடுத்துவிட்டார்.

"பச்சைப் பொய்!" என்றேன் தமிழில். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. பணம் இல்லாதது என்ன குற்றமா, மறைக்கிறதுக்கு?"

"நீங்கள் சட்டமோ படிக்கிறியள்?"

"தத்துவம்."

"அதுதானே பாத்தன்."

"சிரிக்காதீங்கண்ணா. அடுத்த ஆள் கார்டை வெச்சதும் உங்க பொய் உடைஞ்சிடும். அப்ப அவர் மூஞ்சியை எங்க வெச்சுக்குவார்?"

பெரியவரோ கிளம்புகிற வழியாயில்லை. கல்லா ஓரத்திலேயே நின்று கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த அம்மாள் கையில் கார்டோடு முன்னால் வந்தார். பெரியவரைப் பார்த்தார். கார்டைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு இரண்டு இருபது டாலர் நோட்டை வைத்தார்.

அவருக்குப் பின்னால் நின்றவர் சில்லறையை எண்ணத் தொடங்கினார்.

கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொண்டு பெரியவர் வெளியேறினார். கதவு சாத்திய பிறகுதான், அதற்கடுத்த ஆள் ஒன்றுமே நடக்காததுபோல் மெஷினில் கார்டை வைத்தார்.