நான்காவது டம்ளர்

ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் தண்ணீர்தான். செல்லக்கனியின் வாசலோரம், வெயிலே எட்டாத இரண்டடி மண் மூலை ஒன்று இருந்தது. மூன்று செடி செத்தால் அந்த மண் பறிபோகும் என்பது குடியிருப்பு விதி. அதன் மேல் நிர்வாகத்தார் பேட்டரிப் பெட்டி வைத்துவிடுவார்கள். நிழலிலும் வளரும் மருள் செடி இரண்டு வைத்து, இரண்டும் செத்துவிட்டன.

நாற்றுக்கடை இசக்கியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “மருளு கல்லுமேல வச்சாலும் பொழைக்குமே! அத எப்படிட்டி கொன்ன?”

“நல்லாத்தான் பாத்துக்கிட்டேன் மைனி. என் நாலு டம்ளர்ல ஒண்ண தெனமும் அதுக்குத்தான் ஊத்துனேன்.”

“நெழல்ல ஊத்துன தண்ணி எங்கட்டி போவும்? வேரு அழுவித்தான் செத்திருக்கு. உன் உதடு வெடிச்சுக் கெடக்கு, நீ செடிக்கு ஊத்துதியாக்கும்! கத்தாழ தரட்டா?”

“அதுக்கு வெயிலு வேணும். அதே மருளத் தாங்க மைனி.”

“மாசத்துக்கு ஒரு கை தண்ணி. அதுக்கு மேல ஊத்தின, இந்தப் பக்கம் வராத.”

மூன்றாவது மருளை நட்ட மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் டம்ளரோடு மூலைக்குப் போனாள். செடி வாடினாற்போல் தெரிந்தது. கை தானாகச் சாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்த்தினாள்.

“என்ன பாக்க? தரமாட்டேன்.”

அதன் முன்னாலேயே நின்று, முழு டம்ளரையும் தானே குடித்தாள்.