வெள்ளை நைலெக்ஸ்

பத்தொன்பது நாட்களாக உடையப்பன் இஸ்திரிப்பெட்டியில் கரி போடவில்லை.

துவைத்துக் காயவைத்துக் கொடுப்பதோடு சரி. அதையும் அவன் மனைவி செல்லாயிதான் பார்த்துக்கொண்டாள். தேய்த்துத் தரச் சொன்னவர்களை அடுத்த தெருக் கடைக்கு அனுப்பினாள்.

ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது பன்னிரண்டு வருடம் துரையின் காக்கிக் கால்சட்டைகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்தவன் அவன். பருத்தி எவ்வளவு சூட்டையும் தாங்கும். தோட்டத்தை முதலாளிகள் துண்டு துண்டாக விற்ற பிறகு சிலிபின் ஊருக்கு வந்து இந்தச் சலவைக் கடையை வைத்தான். நான்காவது மாதம் ஓர் ஆசிரியையின் நைலெக்ஸ் சேலை வந்தது. காக்கிக்கு வைக்கும் சூட்டையே அந்த நைலான் துணிக்கும் வைத்தான்.

துணி கருகவில்லை. உருகிவிட்டது. பெட்டியைத் தூக்கியபோது சேலையில் ஒரு பகுதி பெட்டியோடு வந்தது.

அந்த அம்மாள் ஓட்டைக்குள் கையை நுழைத்துத் தெருவுக்கே காட்டினாள்.

"தொரைக்குத் தேய்ச்சவராம்! பாருங்க லா, தலையே உள்ள போகும்!"

நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் ஒவ்வொருவராக வந்து, கொடுத்திருந்த துணிகளைத் தேய்க்காமலே வாங்கிக்கொண்டு போனார்கள்.

சிரிக்காதவள் எல்ஸி ஒருத்திதான். பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து தையல் வகுப்புக்குப் போகிறவள். கூட்டம் கலைந்த பிறகு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, என் கல்யாணச் சேலையும் நைலெக்ஸ்தான். நீங்கதான் தேய்ச்சுக் குடுக்கணும். அதுக்குள்ள பழகி வைங்க."

அவன் பழகவில்லை. பெட்டியின் பிடியைத் தொட்டாலே விரல்கள் நடுங்கின.

சித்தியவான் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று மச்சான் மாயாண்டி சொல்லி அனுப்பியிருந்தான். நாளைக் காலை பதில் சொல்ல வேண்டும். போனால் இந்தக் கடை போயிற்று. இன்னொரு கடை வைக்க இந்தப் பிறவியில் தைரியம் வராது என்று அவனுக்குத் தெரியும்.

இன்று மதியம் எல்ஸியின் அண்ணன் லியோனார்ட் காகிதப் பொட்டலத்தோடு வந்தான். மேசைமேல் வைத்துப் பிரித்தான்.

வெள்ளை நைலெக்ஸ். ஓரத்தில் மெல்லிய வெள்ளிச் சரிகை.

"இப்பவே வேணும்ண்ணே."

"தம்பி, நம்மகிட்ட வேணாம். வேற கடைக்கு..."

"எல்ஸி உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லியிருந்திச்சி."

செல்லாயி முக்காலியை இழுத்துப் போட்டாள். லியோனார்ட் உட்காரவில்லை. கதவோரமாக நின்று சேலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காவல் நிற்கிறான் என்று உடையப்பன் நினைத்தான். தங்கை நம்பினாள். இவன் நம்பவில்லை.

கரி நெடுநேரம் பிடிக்கவில்லை.

"அதுக்கும் உங்கமேல கோவம் போல இருக்கு" என்றாள் செல்லாயி. சொல்லிவிட்டு அவளே விசிறியை வாங்கி வீசினாள்.

கரி கனிந்தது. சாம்பலை ஊதித் தள்ளினான். ஒரு பொறி வெளியே விழுந்தாலும் போதும், ஊசித்துளை விழும். பெட்டியை ஆறவிட்டான். கன்னத்துக்கு அருகில் பிடித்துப் பார்த்தான். இன்னும் ஆறவிட்டான். பழைய வேட்டித் துண்டை நனைத்து, பிழிந்து, சேலையின் உள்தலைப்பில் ஒரு மூலைமேல் விரித்தான்.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பெட்டியை இறக்கினான்.

ஆவி எழுந்தது. துண்டை விலக்கினான்.

சேலை சேலையாகவே இருந்தது.

அடுத்த சாண். அதற்கு அடுத்த சாண். எந்த இடத்தில் இடது கையை எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. பாதி தாண்டியபோது பெட்டி தானாகப் போவதுபோல இருந்தது. துண்டு காய்வதற்கு முன்பே செல்லாயி நனைத்து நனைத்துக் கொடுத்தாள். ஆறு கஜமும் முடிந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஒரு சுருக்கம் இல்லை. ஒரு பொட்டுக் கறை இல்லை.

செல்லாயி விரல் நுனியால் சரிகையைத் தொட்டாள். பிறகு தன் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மச்சானுக்கு நான் வரலன்னு சொல்லிரு" என்றான் உடையப்பன். பத்தொன்பது நாளைக்குப் பிறகு அவன் சிரித்தான்.

லியோனார்ட் இப்போதாவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுவான் என்று உடையப்பன் எதிர்பார்த்தான். அவன் கண் சேலையிலேயே இருந்தது. உடையப்பன் சேலையை மடிக்கப் போனான்.

"மடிக்க வேணாம்ண்ணே. அப்படியே குடுங்க. போன ஒடனே கட்டணும்."

"இன்னைக்கேவா? ஈஸ்டர் கழிச்சுத்தான் கல்யாணம்னு தங்கச்சி சொன்னிச்சி. முன்னாடியே வச்சிட்டீங்களா தம்பி? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்ல!"

லியோனார்ட் இரண்டு கைகளையும் நீட்டினான். குழந்தையை வாங்குவதுபோலச் சேலையை வாங்கிக்கொண்டான்.

"கல்யாணமாகாத பொண்ண எங்க ஆளுங்க கல்யாணச் சேலை கட்டித்தான் அடக்கம் பண்ணுவாங்கண்ணே" என்றான். "நாலு நாளா காய்ச்சல். எல்ஸி காலையில செத்துப்போச்சி."