பத்துப் பிடி நெல்

ஜோசியக் கிளி பவளத்துக்குச் சொந்த ஊரில் தினமும் இரண்டு பிடி நெல் கூலி. குடியிருந்த வேப்பமரப் பொந்துக்கு வாடகை கிடையாது. இருபத்தேழு சீட்டையும் படித்துத் தேறிய அக்காவுக்குப் பட்டணத்தில் பத்துப் பிடி என்று கேட்டதும் அவளுக்கு மயக்கமே வந்துவிட்டது. ராப்பகலாகப் படித்துத் தானும் தேறி, பட்டணத்துக்குப் பறந்தாள்.

அக்கா எலும்பும் இறகுமாக உட்கார்ந்திருந்தாள்.

“ஐயோ, என்னக்கா இது கோலம்? பத்துப் பிடியும் எங்கே போகுது?”

“இந்தக் கிளைக்கு வாடகையே ஒன்பது பிடிடி. மேலே இருக்கிற புறாவுக்குப் போகுது.”

பவளம் அண்ணாந்து பார்த்தாள். உச்சிக்கிளையில் ஒரு புறா, கழுத்தே தெரியாமல் கொழுத்து, பட்டப்பகலில் தூங்கி வழிந்தது.

“அடேயப்பா! அது எத்தனை சீட்டு படிச்சிருக்கு?”

“படிப்பா? நமக்கு முன்னாடி வந்து உட்கார்ந்துச்சு, அவ்வளவுதான்.”