எதிர்ப்பக்கத்தில் ஒரு தீக்குச்சி

வள்ளிமயில் செல்போனில் எழுதிவந்த நாவல் முட்டிக்கொண்டு நின்றது.

கால இயந்திரத்தில் ஏறிப் பின்னோக்கிப் போன நாயகன், போரைத் தொடங்கிய தளபதியைக் கொன்றுவிட்டுத் திரும்பினான். போர் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆள்தான் செத்திருந்தான், அவனுடைய நாற்காலியில் இன்னொருவன் உட்கார்ந்திருந்தான்.

அவனையும் கொல்லவைத்தாள். அடுத்தவன் வந்தான்.

எல்லையிலிருந்து விடுப்பில் வந்திருந்த கணவன் பேச்சிராஜா, அவள் செல்போனை வாங்கி முழுவதையும் படித்தான்.

“ஏட்டி, போரை நிறுத்தப் போனவன்தான் நெறையப் பேரைக் கொல்லுதான். ஒரு மெடலக் குத்தி எங்க ரெஜிமெண்ட்டுக்கு அனுப்பிவிடு.”

“நக்கல் இருக்கட்டும். நீங்க வண்டி ஏறுததுக்குள்ள முடிச்சாவணும்.”

போர் முடியாத கதையைக் கையில் வைத்துக்கொண்டு அவனை ரயிலேற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

அவன் அடுப்பு மேடையிலிருந்த தீப்பெட்டியை எடுத்தான். அவள் வேலை பார்க்கும் கோவில்பட்டி ஆலையில் செய்தது. குச்சியின் மருந்து தானாகப் பற்றாது; பெட்டியின் பக்கவாட்டு மருந்தில் உரச வேண்டும். உரசியதும் ஒரு வாசம் எழும். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது அவள் சேலையில் இருக்கும் வாசம்.

அந்த வாசத்துக்காகத்தான் போன மாதம், மூடுபனி இறங்கிய ஒரு சாயங்காலம், காவல் நின்ற இடத்தில் அவன் குச்சியைக் கிழித்திருக்கிறான். காவல்காரன் செய்யவே கூடாத தப்பு. சுடர் எழும்பியதும் எதிரே, பத்தடி தூரத்தில், ஒரு துப்பாக்கி அவன் முகத்தைக் குறிவைத்து நின்றது.

அது வெடிக்கவில்லை. மெல்லத் தாழ்ந்தது. அங்கும் ஒரு குச்சி கிழிபட்டது. ஒரு முகம் தெரிந்தது. இரண்டு குச்சிகளும் அணைந்தன.

இதை இன்றுதான் சொல்கிறான்.

“அவிய யாருன்னு தெரியல. அவிய இல்லன்னா, இன்னைக்கு ஒன் கொழம்புல உப்பு கொறையுதுன்னு சொல்ல நான் இல்ல.”

எதிரியை அவன் மரியாதையாக ‘அவிய’ என்றதை அவள் கேட்டுக்கொண்டாள். பெயர் தெரியாத ஒருவருக்கு எப்படி நன்றி சொல்வது?

குழம்பில் உப்பைப் போட்டுவிட்டுச் செல்போனை வாங்கினாள். கொலை நடந்த அத்தியாயங்களை எல்லாம் அழித்தாள். நாயகனின் சட்டைப்பையில் கோவில்பட்டித் தீப்பெட்டி ஒன்றை வைத்து, போன மாதத்து மூடுபனிக்குள், எதிர்ப்பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

எதிரே ஒரு சுடர் எழும்பியது. நாயகன் துப்பாக்கியைத் தாழ்த்தி, தன் குச்சியைக் கிழித்தான்.